எரிகோ பாய்ஸின் லீடர்

உட்காரு மருமகளே. அந்த நாற்காலி வேண்டாம், ஃபேன் காத்து இந்தப் பக்கந்தான் வரும். வாசல்ல நின்னு நீ தபித்தான்னு பேரைச் சொன்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல. குளோரி மகள்னு சொன்ன பொறவுதான் முகத்தையே பார்த்தேன். நெத்தி அப்படியே எங்க அம்மா நெத்தி. உனக்கு வயசு நாப்பதுக்கு மேல இருக்கும்லா? இவ்வளவு வருசத்துல ஒரு தடவை வந்து பார்த்தியா நீ? வந்திருக்கலாம். மாமன் வீடு எங்கயும் போயிரல. அதே வீடு, அதே தெரு. கேட்டுக்கு மட்டும் பெயிண்டு மாத்திருக்கேன்.

உங்க அப்பா தவறிட்டான்னு கேள்விப்பட்டேன். தவறிட்டாருன்னு. பொன்மலையில இருந்து யாரோ வந்து நம்ம கோயில்ல சொல்லிருக்காங்க. வருத்தந்தான். டிரம்ஸ் நல்லா வாசிப்பான். உன் முன்னால அவன் இவன்னு வருது, தப்பா நினைக்காத. அந்தக் காலத்துப் பழக்கம், நாக்கு கேக்க மாட்டேங்கு.

நினைவு ஆராதனைக்குக் கூப்பிட வந்திருக்க. சரி. அதுல அந்தப் பாட்டைப் பாடுவாங்க, இல்லையா? அப்போ அந்தப் பாட்டு எப்படி வந்துதுன்னு யாராவது மைக்குல சொல்லணும். அதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா. அதுக்குத்தான் உங்க அம்மா உன்னை அனுப்பிருக்கா. இல்லன்னு தலையாட்டுத. பரவாயில்ல. எல்லாத்தையும் உன்கிட்டச் சொல்லிருக்க மாட்டா. அவளுக்கு என்கிட்ட நேரா கேக்கக் கூச்சமா இருக்கும். நீ கேளு, நான் மொதல்ல இருந்தே சொல்லுதேன்.

இப்போ எந்தக் கோயிலுக்குப் போனாலும் டிரம்ஸ் இருக்கு, கீபோர்டு இருக்கு, நாலு பயலுவ முடியை வளர்த்துக்கிட்டு குதிக்கானுவ. கிறிஸ்தவ ராக்குன்னு அதுக்குப் பேரு வச்சு யூடியூப்ல போடுதானுவ. நாங்க வாசிச்ச காலத்துல அதுக்குப் பேரே கிடையாது. ‘அந்தப் பயக கத்துதானுவ’ன்னு சொல்லுவாங்க, அதுதான் பேரு. இந்தத் திருநெல்வேலிச் சீமையில கோயிலுக்குள்ள எலெக்ட்ரிக் கிட்டாரை மொதல்ல கொண்டுபோனது யாருன்னு கேட்டா என் பேரைத்தான் சொல்லணும். கிட்டார் என்னுது இல்ல. வாசிச்சதும் நான் இல்ல. ஆனா கொண்டுபோனது நான். அனுமதி வாங்கினது நான்.

அனுமதி வாங்குறதுன்னா சும்மாவா. ஹார்ட்லிபுரம் ஒரு வெள்ளைக்கார மிஷனரி உண்டாக்கின ஊரு. அவரு நட்ட பனையைக்கூட வெட்டுறதுக்குக் கமிட்டியைக் கேக்கணும். கோயில்ல ஒரு மிதி ஆர்கன், அதை மிதிக்க ஒரு கிழவர், அவரு தூங்கித் தூங்கி வாசிக்கிற பாமாலைப் பாட்டு, அவ்வளவுதான் சங்கீதம். எங்க அப்பா, அதான் உங்க தாத்தா, சேகரக் கமிட்டிச் செயலாளர், அதான் கோயில் நிர்வாகம். கருப்பட்டி வியாபாரம். ஐயரே எங்க அப்பா முகத்தைப் பார்த்துட்டுத்தான் பிரசங்கத்தை முடிப்பாவ. ஐயருன்னா எங்க ஊர்ல பாதிரியாரு. திருச்சிப் பக்கம் நீங்க எப்படிச் சொல்லுவீங்களோ.

அப்போதான் சுகிர்தன் கொழும்புல இருந்து வந்தான். அங்க அவுங்க அப்பாவுக்குக் கடை இருந்துது, அது போச்சு, குடும்பத்தோட திரும்பி வந்துட்டாங்க. வரும்போது எல்லாரும் பெட்டி, பாத்திரம்னு கொண்டு வந்தா இவன் ஒரு சிவப்பு கிட்டாரையும் ஒரு ஆம்பிளிஃபயரையும் கொண்டு வந்தான். நம்ம ஊரு கரண்டுக்கு அதை மாட்டினா தெருவே மங்கும். அவன் வாசிக்கிறதைக் கேட்ட அன்னைக்கே எனக்குத் தோணிட்டு. இதை ஆண்டவருக்காகப் பயன்படுத்தணும். அதுக்கு ஒரு தலைவன் வேணும்.

பேரு நான் வச்சதுதான். எரிகோ பாய்ஸ். எரிகோ பட்டணத்து மதில் எக்காளச் சத்தத்துல விழுந்துதுல்லா, அந்த மாதிரி. எல்லா மதிலும் விழணும்னு அதுக்கு அர்த்தம். நல்ல பேரு. ஐயரே மெச்சினாவ.

உங்க அம்மா அதுல இருந்தாளே, அப்போ பாய்ஸ்னு எப்படி வைக்கலாம்னு கேக்க. அவ ஒரு ஓரத்துல உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பா. பாடுவா. பாட்டெல்லாம் போடுவா. மத்தபடி கணக்குல கிடையாது. வீட்டுப் பிள்ளைதானே.

டிரம்ஸுக்குத்தான் ஆளு கிடைக்கல. கீழத்தெருவுல ஏசுவடியான்னு ஒருத்தன் இருக்கான், கல்யாண பேண்டுக்காரங்ககூடப் போயிட்டு வாரான்னு சுகிர்தன்தான் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். கீழத்தெருன்னா உனக்குத் தெரியும்லா. உங்க அப்பா தெரு. அவுங்க அப்பா சாவுக்கு மேளம் அடிக்கிறவரு. அவரும் நம்ம கோயில்தான், நாங்க வித்தியாசம் பார்க்கிறதில்ல. அவுங்க பின்னால உட்காருவாங்க, நாங்க முன்னால உட்காருவோம், எல்லாரும் ஒரே ஆராதனைதான்.

அவன் உட்கார்ந்து அடிச்சான் பாரு, மருமகளே. எங்க சரக்குக் கிட்டங்கியில அடுக்கியிருந்த கருப்பட்டி ஓலைப்பெட்டி எல்லாம் கிடுகிடுன்னு ஆடுது. சுகிர்தன் வாசிக்கிறதை நிறுத்திட்டு, “எங்கயப்பா இருந்தனீ இவ்வளவு நாளும்”னு கேட்டான். அதுக்கு ஏசுவடியான், “இங்கதான், கோயிலுக்குப் பின்னால”ன்னான். பேச்சு கம்மி. அதனாலதான் எனக்கு அவனைப் புடிச்சுது.

நான் டாம்பரின் வாசிச்சேன். சின்ன வாத்தியம்னு நினைக்காத, சலங்கை கட்டின வாத்தியம், கண்ணு அதுமேலதான் போகும். கொஞ்ச நாள் கழிச்சு ஏசுவடியான் என்கிட்ட வந்து, “அண்ணாச்சி, நீங்க அதை அடிக்கணும்னு இல்ல, கையில வச்சிக்கிட்டு நின்னாப் போதும், பார்க்க அம்சமா இருக்கு”ன்னான். அவ்வளவு மரியாதை. அதுக்குப் பொறவு நான் பாட்டுக்கு நடுவுல சாட்சி சொல்லுறதுல கவனம் செலுத்தினேன். ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் நான் பேசுவேன். சில ஊர்ல நான் பேசுதேன்னு தெரிஞ்சதும் ஜனங்க எந்திரிச்சு வெளிய போயி அழுவாங்க. வெளிய போனது எனக்குத் தெரியும், அழுதாங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

மொத வாசிப்பு கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு. அதுக்கு முன்னாடி கமிட்டி கூடிச்சு. ஒருத்தரு பிசாசு சத்தம்னாரு. ஒருத்தரு வேதத்துலேயே மேளம், தாளம் எல்லாம் இருக்குன்னாரு. ஆர்கன் கிழவர் எந்திரிச்சு, “அந்த டப்பாவை உள்ள கொண்டுவந்தா நான் வெளிய போயிருவேன்”னாரு. எங்க அப்பா ரொம்ப நிதானமா, “பையன் ஆசைப்படுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாசிக்கட்டும். கிட்டார் முன்னால இருக்கட்டும், பாதகமில்ல. டிரம் தூணுக்குப் பின்னால இருக்கட்டும்”னு முடிச்சாவ.

ஏன் தூணுக்குப் பின்னாலன்னா, சத்தத்துக்காக. டிரம் சத்தம் பெருசுல்லா. தூணு இருந்தா கொஞ்சம் மட்டுப்படும். அதுல வேற ஒண்ணுமில்ல. குளோரிதான் வீட்டுல வந்து, “அண்ணே, தூணு சத்தத்தை மறைக்குமா, ஆளை மறைக்குமா”ன்னு கேட்டா. அப்பவே அவளுக்கு இந்தக் குதர்க்கம் உண்டு.

வாசிச்சோம். மொதப் பாட்டுலயே ஃபியூஸ் போயிட்டு. ஆம்பிளிஃபயர் செத்துப்போச்சு, லைட்டு போச்சு, கிட்டார் சத்தமே இல்ல. நான் டாம்பரினோட நிக்கேன், என்ன செய்யன்னு தெரியல. அப்போ தூணுக்குப் பின்னால இருந்து டிரம் மட்டும் நிக்காம வருது. குளோரி அதைப் புடிச்சுக்கிட்டு மைக் இல்லாம பாடினா. கோயில் முழுக்க ஜனங்க கையைத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஹார்ட்லிபுரத்துக் கோயில்ல அதுக்கு முன்னாடி கை தட்டினது கிடையாது. கொசுவை அடிச்சாக்கூடத் திரும்பிப் பார்ப்பாங்க. எல்லாரும் அன்னைக்கு எழும்பி, கழுத்தை நீட்டி நீட்டி அந்தத் தூணைத்தான் பார்த்தாங்க. நான் முன்னால நின்னது அவுங்களுக்கு மறைச்சுக்கிட்டு இருந்திருக்கும்.

அதுக்குப் பொறவு நம்ம கொடிதான். சாத்தான்குளம், தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரையில ஒரு காலேஜ். வாலிபர் முகாம்னா எரிகோ பாய்ஸ் வரணும். ஒரு ஊர்ல ஐயர் பின்னால நின்னு காலால தாளம் போட்டுட்டு, நான் பார்த்ததும் இருமினாவ. இன்னொரு ஊர்ல கல்லு விட்டானுவ. ஒரு கல்லு ஏசுவடியான் மேல பட்டுது. நான் அப்பவே சொன்னேன், இது நமக்கு ஆண்டவருக்காகக் கிடைச்ச காயம்னு. அவன் கைக்குட்டையால புருவத்தை அழுத்திக்கிட்டு, “நமக்கில்ல அண்ணாச்சி, எனக்கு”ன்னு சிரிச்சான். தமாசா பேசுவான் சில நேரம்.

பயிற்சி எல்லாம் எங்க கிட்டங்கியிலதான். மத்தியானம் சாப்பாடு எங்க வீட்டுல. சுகிர்தனும் நானும் உள்ள சாப்பிடுவோம். ஏசுவடியானுக்குக் கிட்டங்கிக்கே கொண்டுபோயிருவாங்க. அங்க காத்தோட்டமா இருக்கும். அவனுக்குன்னே தனியா ஒரு தட்டு வச்சிருந்தாங்க எங்க அம்மா. வேற யாரு வீட்டுல அப்படித் தனித்தட்டு வச்சுச் சோறு போட்டுருப்பாங்க? குளோரிதான் கொண்டுபோவா. போனா வரக் கொஞ்சம் நேரமாகும். பாட்டு போடுதாங்கன்னு நினைச்சேன். பாட்டுந்தான் போட்டாங்க.

அப்படித்தான் அந்தப் பாட்டு வந்துது. உனக்குத் தெரியாம இருக்காது. தாலாட்டாவே பாடிருப்பா.

கரையில தீ மூட்டிக் காத்திருக்கார் ராசா
கையில மீனுமுண்டு அப்பமுண்டு ராசா
விடிய விடிய வெறும்வலை இழுத்தவங்களே
வாங்க, வந்து பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுங்க.

இயேசு உயிர்த்தெழுந்த பொறவு கடற்கரையில அடுப்பு மூட்டி, மீன் சுட்டு, வலை வீசிட்டு வந்த சீஷங்களைச் சாப்பிடக் கூப்பிடுதாருல்லா, அந்தச் சம்பவம். ராகம் குளோரி போட்டா. அந்தத் தாளம் இருக்கே, தும் தக தும் தகன்னு அலை வந்து மோதுற மாதிரி, அது ஏசுவடியான். இடையில வர்ற கிட்டார் சுகிர்தன். மொத வரியில ‘இயேசு’ன்னு இருந்துது. ‘ராசா’ன்னு மாத்தச் சொன்னது நான். அந்த ஒரு வார்த்தையிலதான் பாட்டே நிக்கி. நீயே பாடிப் பாரு.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மெட்ராஸ்ல ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரரு கூப்பிட்டாரு. ரயிலேறிப் போனோம். கோடம்பாக்கத்துல சின்ன ஸ்டுடியோ. சவுண்டு பார்க்கிறவரு என்னை மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வச்சு, டாம்பரினையும் வாங்கி மேசை மேல வச்சிட்டாரு. லீடர்னா மேற்பார்வை பார்க்கணும்லா. அவரு புரிஞ்சுக்கிட்டாரு, நான் சொல்லவே இல்ல.

அங்க தூணு கிடையாது. ஏசுவடியானை நடுவுல உட்கார வச்சாங்க. குளோரி அவனைப் பார்த்துக்கிட்டுப் பாடினா. தாளத்தைப் புடிக்கணும்லா, அதுக்காகப் பார்த்திருப்பா. பாடி முடிச்சதும் அந்த சவுண்டுக்காரரு மூக்குக் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு. “யாரு போட்ட பாட்டு?”ன்னாரு. கம்பெனிக்காரரு கையில பேனாவோட என்னைப் பார்த்தாரு, ரெக்கார்டுத் தட்டுல போட பேரு வேணும்னு. நான் என் பேரைச் சொன்னேன். பாடல், இசை, வில்சன் ராஜசிங்.

ஏன் முழிக்க? ரெக்கார்டு நடுவுல இருக்கிற காகிதம் எவ்வளவு இருக்கும்? இந்தா, உள்ளங்கை அளவு. அதுல மூணு பேரை எப்படி எழுத? குழுவுக்கு ஒரு தலைவன் இருந்தா அவன் பேரைப் போடுறது வழக்கம். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. அதுபோக கல்யாணம் ஆகாத பிள்ளை பேரை ரெக்கார்டுல போட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க? நான் தங்கச்சி நல்லதுக்குத்தான் பார்த்தேன். ஏசுவடியான் பேரைப் போட்டா... அது வேற விசயம். ரெக்கார்டு விக்கணும்லா.

தட்டு வந்ததும் எல்லாருக்கும் காட்டினேன். சுகிர்தன் பார்த்துட்டு, “வடிவா இருக்கு”ன்னு சொல்லிட்டு கிட்டார் கம்பியை முறுக்க ஆரம்பிச்சுட்டான். ஏசுவடியான் அதை ரெண்டு கையிலயும் வாங்கி, நல்லா வாசிச்சு, திருப்பிப் பார்த்து, “அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல?”ன்னான். “அதேதான்”னேன். சிரிச்சான். அவனுக்கு அவ்வளவு பெருமை. குளோரி கையில வாங்கவே இல்ல. “உன் பேரு நல்லா விழுந்திருக்கு அண்ணே”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அதுக்குப் பொறவு வீட்டுல என்கூட அவ்வளவா பேச்சு வச்சிக்கல. பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்த வயசுல அப்படித்தான், முகம் கொடுக்க மாட்டாங்க.

ரெக்கார்டு ஓடிச்சு. பெங்களூர்ல கூப்பிட்டாங்க, பம்பாய்ல தமிழ்ச் சபையில கூப்பிட்டாங்க. கம்பெனிக்காரரு இன்னொரு தட்டு போடுவோம், பெரிய தட்டு, பன்னெண்டு பாட்டுன்னாரு. அந்த நேரம் பார்த்துத்தான் மருமகளே, எல்லாம் கெட்டுது. என்னால இல்ல.

குளோரிக்கு மாப்பிள்ளை பார்த்தோம். நாகர்கோவில்ல காலேஜ் வாத்தியாரு, சொந்த வீடு, நல்ல குடும்பம். நான்தான் கொண்டு வந்தேன் அந்தச் சம்பந்தத்தை. அவகிட்டக் கேக்காமலா? கேட்டேன். நிச்சயத்துக்கு முந்தின வாரம் வந்து, “அண்ணே, உன்கிட்டக் கொஞ்சம் பேசணும்”னா. நான் அப்போ டாம்பரினுக்கு ரிப்பன் கட்டிக்கிட்டு இருந்தேன். “நிச்சயம் முடியட்டும், பொறவு ஆற அமரப் பேசு”ன்னேன். சரின்னு போயிட்டா. அதுக்கு மேல ஒருத்தன் எப்படிக் கேக்க முடியும்?

நிச்சயத்துக்கு வீட்டு முத்தத்துல பந்தல் போட்டு நம்ம குழுவே வாசிக்கட்டும்னு நான்தான் ஏற்பாடு பண்ணினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியட்டும், சாதாரண வீட்டுல பொண்ணு எடுக்கலன்னு. வெயில் ஏறின நேரம். ஐயர் ஜெபம் பண்ணி, வேத வசனம் வாசிச்சு முடிச்சாவ. ஒரு பக்கம் மொதப் பந்திக்கு இலை போடுதாங்க. பெரியவங்க உட்கார்ந்தாச்சு. கறிக்குழம்பு வாசம் வருது. குளோரி பட்டுச்சேலையோட ஆர்மோனியத்துக்கிட்ட உட்கார்ந்து பாடிக்கிட்டு இருக்கா. அந்தப் பாட்டுத்தான். அம்மா வந்து காதுல, “எந்திரிச்சு வா பிள்ளே, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பூ வைக்கணும்காங்க”ன்னா. “பாட்டு முடியட்டும்மா”ன்னா.

பாட்டு முடிஞ்சுது. எந்திரிச்சா. பூ வைக்கிற பக்கம் போகல. நேரா டிரம்முகிட்டப் போனா. “வா, சாப்பிடப் போவோம்”னா. அவன் முழிச்சான். அவனுக்குக் கிட்டங்கியில தனியா இலை போட்டிருந்துது, கறி உள்பட, யாரும் குறைச்சு நடத்தல. “வேண்டாம் குளோரி”ன்னான். நான் பக்கத்துல நின்னேன், காதால கேட்டேன். குளோரின்னான். தங்கச்சின்னு சொல்லல, அம்மான்னு சொல்லல. அப்போதான் எனக்கு முதுகுல ஒரு மாதிரி இருந்துது.

மணிக்கட்டைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா. எல்லாரும் பார்க்க. மொதப் பந்தியில, ஐயருக்கு எதுத்தாப்புல ரெண்டு இலை காலியா இருந்துது. அவனை உட்கார வச்சா. தானும் பக்கத்துல உட்கார்ந்தா. பரிமாறினவன் சோத்து வாளியோட அப்படியே நின்னுட்டான். இவ எந்திரிச்சு, அவன் கையில இருந்து கரண்டியை வாங்கி, அவளே சோறு வச்சு, குழம்பு ஊத்தி, மறுபடியும் உட்கார்ந்து பிசைஞ்சா. ஏசுவடியான் குனிஞ்ச தலை நிமிரல. சோத்துல கையை வச்சான். ஒரு வாய் தின்னானா இல்லையான்னு எனக்குத் தெரியல.

பந்தியில ஒருத்தரும் சாப்பிடல. ஐயர் தண்ணி குடிச்சாவ. குடிச்சுக்கிட்டே இருந்தாவ. அப்பா என்னைப் பார்த்தாவ. பார்த்தாப் போதும், எனக்குப் புரியும். குழுவுக்கு லீடர் நான். குழுவுல ஒருத்தன் ஒழுங்கு தப்பினா நான்தானே சொல்லணும்? போய் அவன் தோள்ல கை வச்சேன். “ஏசுவடியான், எந்திரி. உனக்கு அங்க போட்டிருக்கு”ன்னேன். கோபமாச் சொல்லல. மெதுவாத்தான் சொன்னேன். தோளைப் புடிச்சுத் தூக்கினேன்னு பொறவு ஊர்ல பேசினாங்க. தூக்கல. புடிச்சேன். அவனாத்தான் எந்திரிச்சான். சோத்துக் கையோட நின்னான்.

குளோரியும் எந்திரிச்சா. அழுவான்னு பார்த்தேன், அழல. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான். “அண்ணே, நம்ம பாட்டை நீ ஒரு தடவைகூடக் கேட்டதே இல்லையா?”

இது என்ன கேள்வி, நீயே சொல்லு. ஒவ்வொரு மேடையிலயும் முன்னால நிக்கிறவன் நான். எத்தனை ஊரு, எத்தனை தடவை. என்னை விட அந்தப் பாட்டைக் கேட்டவன் யாரு? அவ எதுக்கு அப்படிக் கேட்டான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. உன்கிட்ட எப்பவாவது சொல்லிருக்காளா? இல்லையா. சரி விடு.

ரெண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் போனாங்க. மத்தியான பஸ்ஸு வந்து நின்னுது, ஏறினாங்க. பட்டுச்சேலையோட. பஸ்ஸுல இருந்தவங்க இவதான் கல்யாணப் பொண்ணு, மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாங்களாம். சுகிர்தன் ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்தான். “என்ன சுகிர்தா”ன்னேன். “நீங்கள் நடத்துங்கோ லீடர்”னு சொல்லிட்டு ஆம்பிளிஃபயரைத் தலையில தூக்கிட்டு நடந்தான். அவனாவது லீடர்னு சொன்னான். பொறவு கனடா போயிட்டதா கேள்வி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிட்டு முடிச்சு, வெத்தலை போட்ட பொறவு கோபப்பட்டுப் போனாங்க.

மூணு பேரும் ஒரே நாள்ல குழுவை விட்டுட்டுப் போனா, அது துரோகம் இல்லையா? நான் யாரையாவது போகச் சொன்னேனா? பெங்களூருக்கு ஒத்துக்கிட்டாச்சு, பம்பாய்க்கு ஒத்துக்கிட்டாச்சு. ஆண்டவருடைய ஊழியத்தை விட ஒரு இலைச் சோறு பெருசாப் போச்சு அவுங்களுக்கு.

நான் விடல. புதிய எரிகோ பாய்ஸ்னு ஆரம்பிச்சேன். எங்க சித்தப்பா பையங்க ரெண்டு பேரு, ஸ்கூல் பேண்டுல இருந்து ஒருத்தன். எல்லாரும் நம்ம ஆளுங்க, பிரச்சினை இல்ல. டிரம்மைத் தூணுக்குப் பின்னால வைக்க வேண்டிய அவசியமும் இல்ல, முன்னாலயே வச்சோம். இந்தத் தடவை நானே பாடினேன். கோயில் அசனத்தன்னைக்கு, ஊரே சேர்ந்து சமைச்சுச் சாப்பிடுவோம்லா வருசத்துக்கு ஒருக்க, அன்னைக்கு அரங்கேத்தம். ரெண்டாவது சரணம் வரும்போது பந்தல் காலி. அசனச் சோறு ஆறிரக் கூடாதேன்னு போயிட்டாங்க. நேரம் குறிச்சது தப்பு. கம்பெனிக்காரரு வந்திருந்தாரு மெட்ராஸ்ல இருந்து. என் கையைப் புடிச்சு, “பழைய தட்டே போதும் சார், அது விக்கட்டும்”னாரு. அவருக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை.

நான் பொறவு பேங்கு வேலைக்குப் போயிட்டேன். ரிட்டயரும் ஆயிட்டேன்.

எங்க அப்பா அடக்கத்துக்கு உங்க அம்மா வந்தா, தெரியுமா? நீ அப்போ கைப்பிள்ளை, தோள்ல தூங்கிக்கிட்டு இருந்த. எதிர்வீட்டு வேப்பமரத்து நிழல்ல நின்னா. உங்க அப்பா கொஞ்சம் தள்ளி, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு. உள்ள வராதன்னு யாரும் சொல்லல. கூப்பிடல, அவ்வளவுதான். நான் மூத்த மகன், நூறு வேலை இருக்கும், வாசல்ல நிக்கிறவங்களை எல்லாம் கவனிக்க முடியுமா. பெட்டி கிளம்பினதும் கூட்டத்துக்குப் பின்னால நடந்து வந்தா. கல்லறைத் தோட்டத்துல பாமாலைப் பாட்டு பாடும்போது பின்னால இருந்து அவ குரல் வந்துது. ஒவ்வொருத்தரா பாடுறதை நிறுத்திட்டாங்க. கடைசியில அவ மட்டுந்தான் பாடினா. சுருதியைக் கொஞ்சம் ஏத்தி எடுத்துட்டா, அதான் மத்தவங்களுக்கு எட்டல. நானும் நிறுத்திட்டேன். எனக்கு அன்னைக்கு ஜலதோஷம்.

இப்போ அந்தப் பாட்டை எந்த ஊருக்குப் போனாலும் பாடுதாங்க. கன்வென்ஷன்ல பாடுதாங்க, கல்யாணத்துல பாடுதாங்க. அன்னைக்கு வெளிய போயிருவேன்னு சொன்ன ஆர்கன் கிழவரு அடக்கத்துக்குக்கூட அதைத்தான் பாடினாங்க. பாட்டுப் புஸ்தகத்துல கீழ என் பேரு இருக்கும், சின்ன எழுத்துல. பிள்ளைங்க வந்து, நீங்களா தாத்தா அதுன்னு கேக்கும்.

அந்தப் பேரை மாத்தச் சொல்லிக் கேக்கத்தான் வந்திருக்கியோன்னு நீ வந்ததுல இருந்து மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துது. மறைக்க என்ன. அதுக்கில்லையா? அம்மா அதைப் பத்திப் பேசவே இல்லையா? அவரும், உங்க அப்பாவும், பேசினதில்லையா? பொன்மலை கோயில்ல உங்க அப்பா இத்தனை வருசமா அந்தப் பாட்டுக்கு வாசிச்சிருக்காரு, யாரு போட்டதுன்னு ஒருத்தரும் கேக்கலையா? கேட்டாங்களா. என்ன சொன்னாரு? ‘எங்க அண்ணாச்சிக்கிட்ட இருந்து வந்தது’ன்னா? அப்படியே சொன்னாரா? சிரிச்சுக்கிட்டா, சிரிக்காமலா?

சரி. அப்படின்னா மைக்குல பேசத்தான் கூப்பிடுதா. பத்து நிமிசம் கொடுத்தாப் போதும். வெள்ளைச் சட்டை இருக்கு, இஸ்திரி போட்டுருதேன். பேசவும் வேண்டாமா? பாடவா? எனக்கு இப்போ மேல் சுருதி எட்டாது, ஆனா ஒரு சரணம் சமாளிச்சுருவேன். அதுவும் இல்லையா? பின்ன என்னதான் சொல்லி அனுப்பினா? நீ சுத்தி வளைக்காம அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு மருமகளே.

“அண்ணனைக் கூட்டிட்டு வா. எனக்குப் பக்கத்துல வந்து உட்காரட்டும்.”

அவ்வளவுதானா?

வேற ஒண்ணும் சொல்லலையா. வந்து எதுவும் செய்யணும்னு இல்ல. சும்மா அவளுக்குப் பக்கத்துல உட்காரணும்.

பொறு, மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிடுதேன். இந்த ஃபேனு ஓடினா தூசி எல்லாம் கண்ணுல வருது, கரண்டுக்காரனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லணும். சனிக்கிழமைதானே ஆராதனை. வாரேன். வராம என்ன.

பக்கத்துலன்னா, மருமகளே, அது எத்தனாவது வரிசை?